‘ஆனால்’ எங்கே வர வேண்டும்? கணினி மொழியை வடிவமைக்கும் வேலை!

“ஏரி நிரம்பினால் மதகைத் திற.” பாகூரில் இதைச் சின்னப் பிள்ளையிடம் சொன்னாலும் புரியும். கணினிக்குப் புரிய வேண்டுமென்றால், எந்தச் சொல்லுக்கு என்ன பொருள், எது முன்னால், எது பின்னால் என்று ஒருவர் முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். அதுதான் கணினி மொழியை வடிவமைக்கும் பொறியாளரின் வேலை.

நாம் பயன்படுத்தும் ஆப்களை எழுதுபவர்கள் ஏராளம். அவர்கள் எழுதுகிற மொழியையே உருவாக்குபவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் ஒருவர், ‘எழில்’ என்ற தமிழ்க் கணினி மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை. 2009-ல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். மதகு விஷயத்தை எழிலில் இப்படி எழுதலாம்:

@( நீர்மட்டம் > 3 ) ஆனால்
பதிப்பி "மதகைத் திற"
இல்லை
பதிப்பி "காத்திரு"
முடி

கவனித்தீர்களா? பைத்தான் போன்ற மொழிகளில் ‘இஃப்’ முதலில் வரும், நிபந்தனை பிறகுதான் வரும். தமிழில் நாம் அப்படிப் பேசுவதில்லை. ‘நிரம்பினால்’ என்பதில் ‘ஆல்’ கடைசியில்தானே ஒட்டுகிறது? அதனால் எழிலிலும் நிபந்தனை முன்னே, ‘ஆனால்’ பின்னே. ஆங்கிலச் சொல்லுக்குப் பதில் தமிழ்ச் சொல்லைப் போட்டால் மட்டும் போதாது. வாக்கியத்தின் வரிசையும் தமிழாக இருக்க வேண்டும்.

சொல்லைத் தேர்ந்தெடுத்த பிறகும் வேலை இருக்கிறது. எழுதியதைச் சொல் சொல்லாகப் பிரிக்க வேண்டும், இலக்கணம் சரியா என்று பார்க்க வேண்டும், பிறகு செயல்படுத்த வேண்டும். இவற்றைச் செய்யும் நிரலை எழில் பைத்தானில் எழுதியிருக்கிறது.

மொழியைத் திருத்துவது இன்னும் கஷ்டம். 2008-ல் வந்த பைத்தான் 3, பழைய நிரல்கள் பலவற்றை அப்படியே ஓடவிடவில்லை. பழைய பதிப்பை முழுமையாகக் கைவிட 2020 ஆகிவிட்டது. ஒரு சின்ன மாற்றம்கூட உலகம் முழுக்க எத்தனையோ பேரின் வேலையைத் தொடும்.

‘எழில் படித்தால் வேலை கிடைக்குமா?’ என்று பெற்றோர் கேட்பது நியாயம். நிறுவனங்கள் கேட்பது பைத்தான், ஜாவா போன்றவற்றைத்தான். ஆனால் வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் ஆங்கிலத்துக்குப் பயந்து ‘கம்ப்யூட்டர் நமக்கு வராது’ என்று ஒதுங்கும் பிள்ளைக்கு, தடையாக இருப்பது ஆங்கிலமா, தர்க்கமா என்று பிரித்துக்காட்ட எழில் உதவும். தர்க்கம் பிடிபட்டுவிட்டால், அடுத்த மொழிக்குப் போகும்போது சொற்களும் வரிசையும்தான் புதிது.

இந்த வேலைக்கே போக ஆசைப்படும் பிள்ளைகள், பிளஸ் டூவில் கணக்கை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் பலரும் பயப்படும் ‘கம்பைலர் டிசைன்’ பாடத்தை ஆசையாகப் படியுங்கள். எழில், பைத்தான் இரண்டின் மூலநிரலும் இணையத்தில் இலவசம். திறந்து பார்த்து, பிடித்த ஒரு சொல்லை மாற்றி ஓட்டிப் பாருங்கள். மொழி வடிவமைப்பில் அதுவே முதல் பாடம்!