எட்ட நின்று சுடுவோர்க்கு ஒரு மறுப்பு

சென்ற மார்கழி விடுமுறையிலே வத்தளையில் எமது வீட்டு விறாந்தையில் ஒரு விவாதம் எழுந்தது. கனடாவிலிருந்து வந்திருந்த அத்தான் ஒருபுறம். பொறியியல் பயிலும் மருமகன் மறுபுறம். வேட்டைக்கு எந்த றைபிள் உகந்தது, அதன்மேல் எத்தனை மடங்கு உருப்பெருக்கும் தொலைநோக்கியைப் பூட்டுவது என்பதே பொருள். அத்தான் ஒன்ராறியோவிலே வேட்டைப் பயிற்சி வகுப்பிற் சித்தியெய்தி, உரிய அனுமதிப்பத்திரங்களையும் பெற்று, ஆண்டுக்கொரு முறை மான் வேட்டைக்குச் செல்பவர். மருமகனோ வெடித்த தோட்டாவின் மணத்தைத்தானும் அறியாதவன். ஆயினும் எந்தச் சன்னம் எத்தனை மீற்றரில் எவ்வளவு தாழும் என்பதை வாய்ப்பாடு போல் ஒப்புவிக்க வல்லவன். ஈற்றில் இருவரும் ஒருமனப்பட்டனர். உருப்பெருக்கம் 24 மடங்கு வேண்டும், 500 மீற்றருக்கு அப்பால் நிற்கும் விலங்கை வீழ்த்தப் பயில வேண்டும், அதுவே கலை. நூறு மீற்றரிற் சுடுவது எவர்க்கும் இயலுமாம்.

இம்முடிபை மறுப்பதே எனது நோக்கம். தூரத்தை வெல்லுதல் கடதாசி இலக்கின் முன்னே திறமையாகலாம். உயிருள்ள விலங்கின் முன்னே அது பொறுப்பிலிருந்து நழுவும் வழியாகவே முடிகின்றது.

மருமகன் மதிக்கும் சான்று வாய்ப்பாடு ஒன்றே ஆதலின் அதிலிருந்தே தொடங்குவோம். .308 வின்செஸ்ரர் என்பது உலகெங்கும் பரவலாக வழங்கும் வேட்டைத் தோட்டா. அதன் சன்னம் குழலை விட்டு நீங்கும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 800 மீற்றர் வேகத்தில் விரையும். 100 மீற்றருக்குக் குறி திருத்திய றைபிளிலிருந்து புறப்படும் அச்சன்னம் 300 மீற்றரில் ஏறத்தாழ ஒரு முழமும் 500 மீற்றரில் ஓராள் உயரமும் தாழ்ந்துவிடும். தொலைவை அளக்கக் கருவி உண்டு, தாழ்வை ஈடுசெய்யத் தொலைநோக்கியிலே திருகும் உண்டு என்பர். உண்மையே. காற்றை அளப்பது யார்? மணிக்கு 16 கிலோமீற்றர் வேகத்திற் குறுக்கே வீசும் காற்று, கொடியிலே காயும் சேலையை அலைக்கும் அளவினது. அது 500 மீற்றரில் அரை மீற்றருக்கு மேலாகச் சன்னத்தை விலக்கிவிடும். சுடுபவன் முகத்திற் படும் காற்று ஒன்று. இடைவழிப் பள்ளத்தில் வீசும் காற்று வேறொன்று. விலங்கு நிற்கும் மரநிழலிற் காற்றே இல்லாதிருக்கலாம். இம்மூன்றையும் ஒரு கணத்திற் கணிப்பவர் உலகில் உளர். அவர்கள் பல்லாயிரம் தோட்டாக்களைச் செலவிட்டவர்கள். விடுமுறைக்கு வேட்டையாடுபவர் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர்.

இன்னுமொன்று. அத்தூரத்தைச் சன்னம் கடக்க ஏறத்தாழ முக்காற் செக்கன் செல்லும். விசையை அழுத்தும்போது அசையாது நின்ற மான் அதற்கிடையில் ஓரடி எடுத்து வைத்தாற் போதும். நெஞ்சுக்கென விடுத்தது குடலைக் கிழிக்கும். குடல் கிழிந்த மான் உடனே வீழ்வதில்லை. ஓடிப் புதருள் மறைந்து, மணிக்கணக்கிற் கிடந்து சாகும்.

கையின் நடுக்கத்தையும் கணக்கிலே சேர்க்க வேண்டும். ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறு 100 மீற்றரில் ஏறத்தாழ 2.9 சென்ரிமீற்றர் ஆகும். மணல்மூட்டையில் ஊன்றிப் படுத்துச் சுடுபவர் நல்ல றைபிளால் ஒரு கூற்றுக்குள் சன்னங்களைச் சேர்த்துவிடலாம். காட்டிலே முழந்தாளிட்டு, மூச்சிரைக்க, கொசு கடிக்கச் சுடும்போது மூன்று கூறு என்பதே பெரும் பேறு. அவ்வாறாயின் 400 மீற்றரில் அவருடைய சன்னங்கள் 35 சென்ரிமீற்றர் அகலத்திற் சிதறும். புள்ளிமானின் இதயமும் நுரையீரலும் அடங்கும் இடமோ ஒரு சாண். கூட்டிக் கழித்துப் பார்க்கும்படி மருமகனிடம் சொன்னேன். அவன் கணிப்பொறியை எடுத்தான், பிறகு பேசவில்லை.

நிற்க. தொலைநோக்கியைப் பற்றி இளைஞர் கொண்டுள்ள மயக்கத்தையும் ஈண்டு களைதல் வேண்டும். உருப்பெருக்கம் கூடக் கூடக் காட்சி சுருங்கும். நான்கு மடங்குத் தொலைநோக்கியினூடே 100 மீற்றரில் ஏறத்தாழ ஒன்பது, பத்து மீற்றர் அகலம் தெரியும்; 24 மடங்கில் இரண்டு மீற்றரும் தெரியாது. வயலுக்குள் இறங்கிய பன்றியை அவ்வோட்டைக்குள் தேடிப் பிடிப்பதற்குள் அது வேலியைக் கடந்துவிடும். ஒளியும் குறையும். முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மில்லிமீற்றர் வில்லை நான்கு மடங்கிலே 10 மில்லிமீற்றர் தரும். 24 மடங்கில் இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைவு. பன்றி வருவது அந்தியிலும் வைகறையிலும் ஆதலின், விலை கூடிய கண்ணாடி அவ்வேளையில் இருட்டையே பெருக்கிக் காட்டும். தவிர, உருப்பெருக்கும் கருவி விலங்கைப் பெருக்குவது போலவே கைந்நடுக்கத்தையும் பெருக்கும். வேட்டைக்குத் தொலைநோக்கி வேண்டும் என்பார்க்கு நான்கு மடங்கு போதும் என்பேன். மீதிப் பணத்துக்குத் தோட்டா வாங்கிக் கடதாசியிற் சுட்டுப் பழகலாம்.

றைபிளின் பருமன் பற்றிய வாதமும் இத்தகையதே. ஜிம் கோர்பெற் 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றமைக்குப் பரிசாகப் பெற்றது .275 றிக்பி என்னும் மெல்லிய றைபிள். அதே அளவுத் தோட்டாவையே பெரிதும் பயன்படுத்தி ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் பெல் என்பவர். அக்கொலைக் கணக்கை நான் போற்றவில்லை. ஆனால் அவர் செய்த ஒன்று கவனிக்கத் தக்கது. இறந்த யானையின் மண்டையோட்டை அரத்தால் அறுத்து, மூளை எவ்விடத்தில் உள்ளது என்று முதலிற் கற்றார். கருவியைப் பற்றிய அறிவுக்கு முன்னே விலங்கைப் பற்றிய அறிவு அவரிடம் இருந்தது. எங்கள் விறாந்தை விவாதம் இரண்டு மணி நேரம் நடந்தது. மானின் இதயம் எங்கே இருக்கிறது என்று எவரும் கேட்கவில்லை.

அண்மையிற் சென்று சுட்டவரெல்லாம் சான்றோர் என்று யான் கூறுவதாகக் கொள்ளற்க. எமது தீவின் வரலாறே அதற்கு மறுப்பு. சாமுவேல் பேக்கர் 21 இறாத்தல் நிறையுள்ள றைபிளைப் பிறிஸ்ரலிலே செய்வித்து இங்கு கொண்டுவந்து யானைகளைச் சுட்டார். சுட்டதை 1854இல் நூலாகவும் வெளியிட்டார். மேஜர் றொஜர்ஸ் கொன்ற யானைகள் 1,400க்கு மேல் என்பர். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். யானைக்கு அருகே சென்று சுடும் துணிவு அவர்களிடம் இருந்தது. எதற்காக என்ற கேள்விதான் இருக்கவில்லை.

மருமகன் தமிழையும் துணைக்கழைத்தான். வல்வில் ஓரியின் ஓரம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவி உடும்பிற் சென்று செறிந்ததாக வன்பரணர் பாடவில்லையா என்றான். பாடினார். வில்லின் வலிமையைப் பாடினாரேயன்றி அவன் எத்தனை கோல் தொலைவில் நின்றான் என்று பாடவில்லை. முயலை வீழ்த்திய அம்பினும் யானையைத் தப்பிய வேலே இனிதென்னும் குறட் கருத்தையும் சிலர் இவ்விடத்திற் கொணர்வர். அது படைச்செருக்கு அதிகாரத்தது, போர்க்களத்து வீரனுக்குரியது. தினைப்புனத்துக்கு வந்த யானையைப் பற்றி வள்ளுவர் பேசவில்லை. அரைகுறையாய்க் காயம்பட்ட யானை எவர்க்கும் இனிதன்று. அடுத்த நாள் அவ்வழியே விறகுக்குப் போகும் பெண்ணைக் கேட்டால் தெரியும்.

இனி மறுசாராரிடம் வருவோம். துவக்கைப் பற்றி ஒரு பல்கலைக்கழக இதழிற் பேசுவதே தகாது என்பார் எம் விரிவுரையாளருட் பலர். அவர்களது அருள் நெஞ்சை ஐயுறவில்லை. அது வேலை செய்யும் இடத்தையே ஐயுறுகிறேன். வன்னியிலும் அநுராதபுரத்திலும் விளைநிலத்தைக் காப்பவன் இன்றும் பரணிலும் காவற்கொட்டிலிலும் இரவு முழுதும் விழித்திருக்கிறான். பயிரழிவு கற்பனையன்று. 2025 மார்ச் 15இல் நாடெங்கும் ஐந்து நிமிட நேரம் குரங்கு, மர அணில், மயில் முதலியவற்றை எண்ணும்படி அரசே மக்களைக் கேட்டது. நகரத்தார் சிரித்தனர், கமக்காரர் சிரிக்கவில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் ஒருவரால் ஒருவர் இறந்தனர். யானைகள் இறந்த வழிகளுள் துவக்குச் சூடும் மின்கம்பியும் ‘ஹக்கபட்டாஸ்’ எனப்படும் வாய்வெடியும் முதன்மையானவை. பூசணிக்குள்ளோ வேறு தீனுக்குள்ளோ வெடிமருந்தை ஒளித்து வைப்பர். கடித்த யானைக் கன்று தாடை சிதறி, உண்ணவும் குடிக்கவும் இயலாது, நாட்கணக்கிற் பட்டினி கிடந்து சாகும்.

கட்டுத்துவக்கு அதற்கு அண்ணன். இரும்புக் குழாயொன்றில் மருந்தும் ஈயமும் இடித்து, விலங்கு நடக்கும் தடத்தின் குறுக்கே கம்பி கட்டி, விசையோடு பிணைத்துவிட்டு உரியவன் வீட்டுக்குப் போய் உறங்குவான். வருவது பன்றியா, சினைப்பட்ட மரையா, தேனெடுக்கப் போன அயலவனா என்று அக்குழாய் அறியாது. காலிலே ஈயம் பாய்ந்து கிராம வைத்தியசாலைகளுக்கு வருவோரைக் கண்ட மருத்துவர் இதனை நன்கறிவர். துவக்கைப் பற்றிய பேச்சையே வாயாற் கூறாத தூய்மை இக்குழாய்களுள் ஒன்றையேனும் அகற்றியதில்லை.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன். 500 மீற்றரில் நின்று பொன்போன்ற கண்ணாடியினூடே சுடும் கனவானும், துருப்பிடித்த குழாயைப் புதரிலே கட்டிச் செல்லும் ஏழைக் கமக்காரனும் ஒரு குற்றத்தையே செய்கின்றனர். கொலை நிகழும் இடத்தில் இருவருமே இல்லை. குறி தவறியதா, குருதி எங்கே சிந்தியது, விலங்கு எத்திசையில் ஓடியது என்பதை அறியவேண்டிய கடமையிலிருந்து ஒருவனைத் தூரமும் மற்றவனை உறக்கமும் விடுவிக்கின்றன. கமக்காரனுக்கேனும் வறுமை என்ற விடை உண்டு.

அத்தானிடம் ஒரு கேள்வி கேட்டேன். அவர் கைப்பேசியிற் காட்டிய படங்களில் மான்கள் ஐந்து. “அத்தான், சுட்டும் கிடைக்காமற் போனவை எத்தனை?” விரலை மடக்கத் தொடங்கியவர் நிறுத்திவிட்டார். “அதெல்லாம் ஆர் தம்பி கணக்கு வைக்கிறது?” என்றார். அவர் பொய் சொல்லாத மனிதர்.

எம்மவர்க்கு இன்னுமொரு காரணமும் உண்டு. அதனைச் சுருங்கச் சொல்வேன். 1983 முதல் 2009 வரை ‘சினைப்பர்’ என்ற சொல் வடக்கிலும் கிழக்கிலும் வேட்டைச் சொல்லாக வழங்கவில்லை. வெளியைக் கடக்கும்போது குனிந்து ஓடப் பழகிய பலர் இன்று வத்தளையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எம்மோடு வாழ்கின்றனர். தொலைநோக்கியின் மறுமுனை எவ்வாறிருக்கும் என்று அவர்களிடம் கேட்டறிந்த பின்னர் நெடுந்தூரச் சூட்டை அழகிய பொழுதுபோக்கென இளைஞர் பேசட்டும்.

சுடுதலைக் கற்கவே வேண்டாம் என்பதன்று என் வாதம். கற்கும் ஒழுங்கைத் தலைகீழாக்கிவிட்டனர் என்பதே. ஒலிம்பிக் போட்டியில் 10 மீற்றர்க் காற்றுத் துப்பாக்கிக்குரிய இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர் அகலமானது. அதனை உருப்பெருக்கும் கண்ணாடியின்றியே சுடுகின்றனர். மூச்சை அடக்கல், சோங்கைத் தோளிற் பொருத்தல், விசையை அசைவின்றி அழுத்தல் ஆகிய மூன்றும் பத்து மீற்றரில் வராதவனுக்கு ஐந்நூறு மீற்றரில் வாரா. நீள்தூரம் பயில விரும்புவோர் பயிலட்டும். பின்னே மண்மேடு எழுப்பிய சுடுதளத்திற் பயிலட்டும். றைபிளின் சன்னம் நான்கு கிலோமீற்றர் வரையும் செல்லக் கூடியது. வத்தளைச் சந்தியில் ஏவினால் களனியாற்றைத் தாண்டி மட்டக்குளியில் எவர் முற்றத்திலும் விழலாம். நெருங்கி வாழும் நாட்டிலே தப்பிய குறிக்கும் ஒரு முகவரி உண்டு.

பயிர் காக்கும் கமக்காரனுக்கு இதில் எதுவும் வேண்டியதில்லை. ‘12 போர்’ என வழங்கும் துவக்கு 40 மீற்றருக்குள்ளேதான் ஒழுங்காகப் பயன்படும். எமது முட்காட்டிலே கண்ணுக்குத் தெரியும் தூரமும் பெரும்பாலும் அதுவே. மானும் மரையும் 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழியே காக்கப்படுவன ஆதலின் அவற்றைக் குறிவைக்கும் ஆசைக்கும் இங்கே இடமில்லை. வயலுக்கு வந்த பன்றியை அருகிருந்து, அடையாளம் கண்டு, ஒரே சூட்டில் முடிக்கத் தெரிந்த ஒருவன் ஊருக்கு இருப்பானாயின், அவ்வூரிலே பத்துக் கட்டுத்துவக்குகள் அவிழும்.

மறுநாட் காலை மருமகன் தும்புத்தடியின் நுனியில் ஒரு லேசர் விளக்கைக் கட்டிக்கொண்டு வந்தான். 100 மீற்றரில் ஒரு சாணாக இருப்பது ஐந்து மீற்றரிலே சட்டைப் பொத்தானின் அளவு. 500 மீற்றரில் அதே சாண் ஓர் அரிசியின் அகலம். கணக்கு அவனுடையதே. சுவரிலே ஒரு பொத்தானை ஒட்டி, நின்றபடியே தடியைத் தோளில் வைத்துக் குறிபார்த்தான். செம்புள்ளி பொத்தானுக்குள் புகுந்தது, வெளியே வந்தது, நாட்காட்டிக்குப் போனது, திரும்பி வந்தது. அரை மணி நேரம் அவ்வாறு நின்றான். கையில் வைத்திருந்த அரிசியை அவன் ஒட்டவேயில்லை.