கடைசி நொடி யாருடைய கடிகாரப்படி?

காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தில் கொஞ்ச நாளாக ஒரு வாக்குவாதம் ஓடுகிறது. ஆட்டத்தின் கடைசி நொடியில் சந்தேகம் வந்தால் நடுவரின் விசிலை நம்புவதா, வீடியோவைப் போட்டுப் பார்ப்பதா? மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் வீடியோ கட்சி. பள்ளிக்கூட வாத்தியார் விசில் கட்சி. இருவரும் என்னைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்கள். நடந்துகொண்டே சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நடந்ததா, இல்லையா" என்ற கேள்விக்குக் கேமராவைக் கேட்கலாம். "நடந்திருக்குமா" என்ற கேள்விக்கு நடுவரைத்தான் கேட்க வேண்டும். எந்தக் கடிகாரம், எந்தக் கேமரா என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு எவருடைய பாக்கெட்டிலிருந்தும் சாட்சி வெளியே வரக் கூடாது.

நம் ஊர் கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. சேப்பாக்கத்தில் இந்தியா - ஆஸ்திரேலியா டெஸ்டின் ஐந்தாம் நாள். என் வயதுக்காரர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். அந்த வெயிலில் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ரன் அடித்த ஆட்டம் அது. முதல் இன்னிங்ஸில் கபில் தேவ் 119. கடைசி நாளில் இந்தியாவுக்கு இலக்கு 348. கவாஸ்கர் 90 எடுத்துக் கொடுத்தார். அன்று சாயங்காலம் அரசு அலுவலகங்களில் எந்தக் கோப்பும் நகரவில்லை. டிரான்சிஸ்டர் இருந்த மேஜையைச் சுற்றித்தான் மொத்த செக்‌ஷனும்.

கடைசி ஓவர், கிரெக் மேத்யூஸ் பந்துவீச்சு. வெற்றிக்கு நான்கு ரன், கையில் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி இரண்டு ரன் எடுத்தார், பிறகு ஒரு ரன். ஸ்கோர் சமம். மூன்று பந்து மீதி, எதிரே மணிந்தர் சிங். நான்காவது பந்தைத் தடுத்துவிட்டார். ஐந்தாவது பந்து காலில் பட்டது. நடுவர் விக்ரம் ராஜு விரலை உயர்த்தினார். எல்.பி.டபிள்யூ. இந்தியா 347 ஆல் அவுட், ஆட்டம் டை. டெஸ்ட் சரித்திரத்தில் 1960 பிரிஸ்பேனுக்குப் பிறகு அது இரண்டாவது டை. மூன்றாவது இன்றுவரை நடக்கவில்லை.

பந்து முதலில் தன் மட்டையில்தான் பட்டது என்று மணிந்தர் பிற்பாடும் சொல்லிவந்தார். அவுட்தான் என்பதில் விக்ரம் ராஜு கடைசிவரை உறுதியாக நின்றார். அதற்குப் பிறகு அவர் இன்னொரு டெஸ்டில் நடுவராக நிற்கவில்லை. ஐந்து நாள் ஆட்டத்தின் கடைசிக்கு முந்தைய பந்தில், மட்டையும் காலும் சேர்ந்திருக்கும் இடத்தில், கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு மனிதர் முடிவு சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். அதற்காக ஆயுள் முழுவதும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

இன்றைய வசதிகள் அன்று இருந்திருந்தால்? 1992-ல் டர்பனில் முதன்முதலாக டிவி பார்த்து ரன் அவுட் கொடுத்தார்கள். அவுட்டானவர் நம் டெண்டுல்கர்தான். அது "நடந்ததா" என்ற கேள்வி. மட்டை கோட்டைத் தாண்டியதா, இல்லையா? படத்தில் தெரிந்துவிடும். மட்டையில் உரசியதா என்பதும் அந்த ரகம்தான், அதைப் பிடிக்கக் கருவி இருந்தால். ஆனால் எல்.பி.டபிள்யூ. அப்படி இல்லை. கால் குறுக்கே இல்லாவிட்டால் பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா என்பது நடக்காத ஒன்றைப் பற்றிய கேள்வி. கம்ப்யூட்டர் அங்கே ஒரு கோடு போட்டுக் காட்டுகிறது. அது கணக்கு, படம் இல்லை. அதனால்தான் ஓரத்தில் உரசுகிற மாதிரி வந்தால் "அம்பயர்ஸ் கால்" என்று சொல்லி, களத்தில் நின்றவரின் முடிவையே வைத்துக்கொள்கிறார்கள். இந்த மறுபரிசீலனை முறையை 2008-ல் இந்தியா - இலங்கை தொடரில் பரீட்சித்துப் பார்த்தும், நம் கிரிக்கெட் வாரியம் 2016 வரை அதை முழுசாக ஏற்காமல் இழுத்தடித்தது. பலர் கேலி செய்தார்கள். கணக்கையும் படத்தையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது என்ற அளவில் அந்தத் தயக்கத்தில் நியாயம் இருந்ததாகவே எனக்குப் படுகிறது.

இனி கூடைப்பந்துக்கு வருகிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் நான் ஆடிய ஒரே ஆட்டம் அதுதான். கடைசி நொடி தகராறு வேறெங்கும் இத்தனை சுத்தமான வடிவில் கிடைக்காது. நேரம் முடிவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருந்தால் செல்லும். பிறகு அது ஆகாயத்தில் எவ்வளவு நேரம் பறந்து விழுந்தாலும் கணக்கு உண்டு. விரல் நுனியில் பந்து ஒட்டிக்கொண்டிருக்கும்போதே நேரம் முடிந்தால் செல்லாது. இதில் அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை. கேமரா பதில் சொல்ல ஏற்ற கேள்வி.

அமெரிக்க என்.பி.ஏ. இதைக் கற்றுக்கொண்ட கதை சுவையானது. 2002 மே மாதம், லேக்கர்ஸ் - கிங்ஸ், அரையிறுதி மாதிரியான தொடரின் நான்காவது ஆட்டம். முதல் பாதி முடிகிற நேரத்தில் சமாக்கி வாக்கர் பாதி மைதானத்துக்கு அப்பாலிருந்து எறிந்த பந்து உள்ளே விழுந்தது. மூன்று புள்ளி கொடுத்தார்கள். டிவியில் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது, நேரம் முடிந்த பிறகுதான் பந்து கையை விட்டது என்று. அந்த ஆட்டத்தில் லேக்கர்ஸ் ஜெயித்தது 100-க்கு 99. ஒரே ஒரு புள்ளி. தொடரையும் நான்குக்கு மூன்று என்று அவர்களே எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சீசனிலேயே கடைசி நொடி எறிதலை வீடியோவில் சரிபார்க்கும் விதி வந்துவிட்டது. பலகையைச் சுற்றி எரியும் சிவப்பு விளக்குதான் அதற்கு அளவுகோல்.

இரண்டே வருடத்தில் அதே லேக்கர்ஸுக்கு இன்னொரு பரீட்சை. 2004 மே, ஸ்பர்ஸ் அணி 73-72 முன்னிலை, மீதி 0.4 வினாடி. டெரெக் ஃபிஷர் பந்தை வாங்கித் திரும்பி எறிந்தார், உள்ளே போயிற்று. நடுவர்கள் வீடியோவைப் பார்த்தார்கள். விளக்கு எரியும் முன் பந்து கையை விட்டிருந்தது. செல்லும் என்றார்கள். தோற்றவர்கள் விடவில்லை. பந்து கையை விட்ட நேரம் சரி, ஆனால் கடிகாரத்தை ஓடவிட்டதே தாமதம் என்று புகார் கொடுத்தார்கள், அது ஏற்கப்படவில்லை. கேமரா பந்தைப் பார்க்கும். கடிகாரத்தை ஓடவிடுவது மனித விரல். ஒரு சந்தேகத்தைத் தீர்த்தால் அதற்குப் பின்னால் இன்னொன்று வரிசையில் நிற்கும். எங்கேயாவது ஓரிடத்தில் "போதும்" என்று நிறுத்தத்தான் வேண்டும்.

நிறுத்தத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டம் சாட்சி. அமெரிக்கா 50, சோவியத் 49, மீதி மூன்று வினாடி. அந்த மூன்று வினாடியை மூன்று முறை ஆடினார்கள்! டைம் அவுட் கேட்டது கவனிக்கப்படவில்லை என்று ஒரு தடவை, கடிகாரம் சரியாக வைக்கப்படவில்லை என்று இன்னொரு தடவை. அதற்குள் அமெரிக்கர்கள் ஜெயித்துவிட்டதாகக் குதித்துக் கொண்டாடியும் ஆயிற்று. சர்வதேச கூடைப்பந்து சம்மேளனத்தின் செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் கீழே இறங்கி வந்து, மறுபடி மூன்று வினாடி கொடு என்றார். மூன்றாம் முறை அலெக்சாண்டர் பெலோவ் பந்தைப் போட, 51-50. மேல்முறையீட்டுக் குழுவிலும் அமெரிக்கா தோற்றது. அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்க மறுத்தார்கள்; இன்றுவரை வாங்கவில்லை. அங்கே குறை கேமராவில் இல்லை. கடிகாரத்துக்கு யார் எஜமானர் என்பது மேஜையில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை, அதுதான் குறை.

இதை நான் ஆட்டத்தில் கற்கவில்லை, அலுவலகத்தில் கற்றேன். டெண்டர் பெட்டி பகல் மூன்று மணிக்கு மூடப்படும் என்று அறிவிப்பில் இருக்கும். ஒரு நாள் பெட்டியில் சீல் வைக்கும்போது ஒரு காண்டிராக்டர் மூச்சிரைக்க ஓடி வந்தார். சுவர்க் கடிகாரம் மூன்று ஒன்று. அவர் கைக்கடிகாரத்தை நீட்டினார். அதில் இரண்டு ஐம்பத்தெட்டு. அங்கிருந்த ஆளுக்கொரு நேரம் சொன்னார்கள். அதிகாரி சத்தமே போடவில்லை. "அறிவிப்பில் எந்தக் கடிகாரம் என்று போட்டிருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். "அலுவலகக் கடிகாரம்" என்று இருந்தது. முடிந்தது விவகாரம். வந்தவர் நேரத்தைக் கோப்பில் எழுதி, இருந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, உறையைத் திருப்பிக் கொடுத்தோம். உலகத்திலேயே சரியான கடிகாரம் எது என்று அன்று யாரும் ஆராயவில்லை. எல்லோரும் முன்கூட்டி ஒப்புக்கொண்ட கடிகாரம் எது என்றுதான் பார்த்தோம். இப்போது எல்லாம் ஆன்லைன். சர்வர் நேரம் முடிந்தால் பக்கமே மூடிக்கொள்கிறது.

இதையெல்லாம் எழுத வைத்தது போன கோடையில் எங்கள் தாம்பரம் பக்கம் நடந்த ஒரு பிள்ளைகள் போட்டி. சிமெண்ட் தரை, இரண்டு கூடை, மேஜையில் ஒரு ஸ்டாப் வாட்ச், கையில் அழுத்துகிற ஹாரன். பலகையில் விளக்கெல்லாம் கிடையாது. விசில் பிடித்தவர் ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். எழுபதை நெருங்குகிறவர், பஸ் செலவு வாங்கிக்கொண்டு வந்தவர். கடைசி நொடியில் ஒரு பையன் போட்ட பந்தைச் செல்லாது என்றார். அவ்வளவுதான், பெற்றோர் கூட்டம் உள்ளே வந்துவிட்டது. நாலைந்து மொபைல் அவர் முகத்துக்கு நேரே.

"சார், இங்க பாருங்க, பந்து கையை விட்டுப் போயிடுச்சு, அப்புறம்தான் ஹாரன் அடிக்குது!"

"தம்பி, என் கண்ணுக்குத் தெரிஞ்சதைத்தான் நான் சொல்ல முடியும்" என்றார் அவர். ஒருவர் அவரைக் கேட்கக் கூடாத கேள்வி கேட்டார். அவர் விசிலைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இதுவரை எந்தப் போட்டிக்கும் திரும்பி வரவில்லை.

அந்த வீடியோவில் இருப்பது என்ன? கொஞ்சம் கணக்கு போடுவோம். சத்தம் ஒரு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். கூடைப்பந்து மைதானத்தின் நீளம் 28 மீட்டர். மேஜையிலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று படம் பிடித்தால், ஹாரன் சத்தம் சுமார் 0.06 வினாடி தாமதமாகத்தான் மொபைலுக்கு வந்து சேரும். சாதாரண மொபைல் ஒரு வினாடிக்கு 30 படம் எடுக்கிறது, 0.06 வினாடி என்றால் கிட்டத்தட்ட இரண்டு படம். படத்தில் பந்து முதலில் போகும், சத்தம் பின்னால் வரும். நிஜத்தில் ஹாரன் முதலில் அடித்திருந்தாலும் அப்படித்தான் தெரியலாம்! பெரிய மைதானங்களில் சத்தத்தை விட்டுவிட்டு விளக்கைப் பார்ப்பது இதற்காகவும்தான். அந்தப் பெற்றோர் யாரும் பொய் சொல்லவில்லை. அவர்கள் கையில் இருந்த சாட்சிக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் யோக்கியதை இல்லை, அவ்வளவுதான்.

பிரெஞ்சில் நடுவருக்கு "அர்பீத்ர்" என்று பெயர். ஆட்டத்தில் விசில் ஊதுகிறவரும் அர்பீத்ர், இரண்டு பேர் வழக்கைத் தீர்த்து வைக்கிற மத்தியஸ்தரும் அர்பீத்ர். ஒரே சொல். இரண்டு தரப்பும் சேர்ந்து, "இவர் சொன்னால் ஒப்புக்கொள்கிறோம்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்த மனிதர் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். அந்த வாக்கு இல்லாவிட்டால் அவர் வெறும் விசில்காரர்.

ஆகவே சிறு போட்டி நடத்துகிறவர்களுக்கு என் யோசனை இவ்வளவுதான். காசு இருந்தால் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் ஒரே ஒரு கேமரா வையுங்கள். கடிகாரமும் கூடையும் ஒரே படத்தில் தெரியட்டும். கடைசி நொடி எறிதலுக்கு மட்டும், நடுவர் கேட்டால் மட்டும், இரண்டு நிமிடத்துக்குள் பாருங்கள். படத்தில் தெளிவில்லை என்றால் விசில் சொன்னதே முடிவு. காசு இல்லையென்றால் கேமராவே வேண்டாம். எப்படியிருந்தாலும், ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு அணிகளையும் பெற்றோரையும் கூப்பிட்டு, இதுதான் கடிகாரம், இவர்தான் நடுவர், இதற்கு மேல் பேச்சில்லை என்று சொல்லிவிடுங்கள்.

சேப்பாக்கத்தில் நாம் அன்று ஜெயித்திருந்தால் அது எத்தனையோ வெற்றிகளில் ஒன்றாகியிருக்கும். டை ஆனதால் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். தோற்ற ஆட்டத்தையும் சமனான ஆட்டத்தையும் தாங்கிக்கொள்ளலாம், நாளைக்கு வேறு ஆட்டம் உண்டு. ஆனால் எழுபது வயதில் வெயிலில் நின்று பிள்ளைகளுக்காக விசில் ஊத ஆள் இல்லாமல் போனால், நாளைய ஆட்டமே இல்லை. அந்த மாஸ்டர் வீடு தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், அடுத்த கோடைக்கு முன் ஒரு நடை போய் அவரைக் கூப்பிடுங்கள். என்னையும் சேர்த்துக்கொண்டால் நானும் வருகிறேன்.