ஐந்தாமிடத்துக்குத் திறந்த கதவு

ஐரோப்பியக் கால்பந்தின் சாம்பியன்ஸ் லீகில் இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் கூடுதலாக ஆளுக்கோர் இடம் கொடுத்தது அப்பட்டமான அநீதி. பிரீமியர் லீகில் ஐந்தாவதாக வந்த நியூகாசிலும் லா லிகாவில் ஐந்தாவதாக வந்த வியாரியலும் 2025-26 தொடருக்குள் நேராக நுழைந்துவிட்டன. யூரோப்பா லீகை வென்ற டாட்டனமும் சேர, இங்கிலாந்திலிருந்து மட்டும் ஆறு அணிகள்.

அந்தத் தொடருக்கு முந்தைய கோடையில் பெல்கிரேடின் ரெட் ஸ்டாருக்கு என்ன நடந்தது? 1991-இல் இதே கோப்பையை வென்ற கிளப். அப்போது செர்பியாவின் நடப்புச் சாம்பியன். ஜூலையிலேயே தகுதிச்சுற்றில் இறங்கியது. ஜிப்ரால்டரின் லிங்கன் ரெட் இம்ப்ஸை வென்றது, போலந்துச் சாம்பியன் லெக் போஸ்னானை வென்றது, கடைசிச் சுற்றில் சைப்ரஸின் பாஃபோஸிடம் ஒரே கோல் வித்தியாசத்தில் வீழ்ந்தது. ஆறு ஆட்டம் ஆடியும் உள்ளே இடமில்லை. பாஃபோஸின் வெற்றியில் குறையில்லை, அதுவும் சாம்பியன்தான். சாம்பியன்கள் ஒருவரையொருவர் வெளியேற்றிக்கொள்ள வேண்டும், ஐந்தாமிடத்தார் ஓய்வெடுத்துவிட்டு செப்டம்பரில் வந்தால் போதும் என்பதுதான் கொதிப்பூட்டுகிறது.

2024-25-இல் தொடரின் அணிகள் 32-இலிருந்து 36 ஆனபோது கூடியவை நான்கு இடங்கள். சாம்பியன்களின் தகுதிச்சுற்றுக்குப் போனது அதில் ஒன்றே ஒன்று. இரண்டு இடங்கள், முந்தைய பருவத்தில் ஐரோப்பியத் தொடர்களில் சராசரியாக அதிகப் புள்ளி எடுத்த இரு நாடுகளுக்கு. முதல் ஆண்டு இத்தாலி, ஜெர்மனி. மறு ஆண்டு இங்கிலாந்து, ஸ்பெயின். நான்குமே ஏற்கெனவே தலா நான்கு இடம் வைத்திருக்கும் நாடுகள். பணம் இருப்பவன் புள்ளி எடுக்கிறான், புள்ளிக்கு இடம், இடத்துக்கு மறுபடியும் பணம். 2024-25-இல் கிளப்புகளுக்குப் பகிர ஒதுக்கிய சுமார் 247 கோடி யூரோவில் 35 சதவீதம் டிவி சந்தையையும் பழைய சாதனையையும் பார்த்தே பிரிக்கப்பட்டது. செர்பியாவின் டிவி சந்தை எவ்வளவு பெரிது என்று யாருக்குத் தெரியாது?

இந்தத் தொடரை நடத்தும் ஐரோப்பியக் கால்பந்து நிர்வாகிகளின் வரலாறு நமக்குத் தெரிந்ததுதான். சிறிய நாட்டுக் கிளப்புகளும் கனவு காண முடிந்த கோப்பை வெற்றியாளர் கோப்பையை 1999-இல் இழுத்து மூடினார்கள். 2019 யூரோப்பா லீக் இறுதியாட்டத்தை பாகுவுக்குக் கொண்டுபோய், ஆர்சனல், செல்சி ரசிகர்களுக்குத் தலா ஆறாயிரம் டிக்கெட் என்றார்கள். 2022 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின்போது பாரிஸ் மைதான வாசலில் லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் தவித்தபோது, ரசிகர்கள் தாமதமாக வந்ததாகத் திரையில் போட்டார்கள். முதன்மைப் பொறுப்பு நிர்வாகிகளுடையதே என்று சுயேச்சை விசாரணைக் குழு பிறகு சொன்னது. 2021-இல், பழைய பெருமைக்காகவே இரண்டு கிளப்புகளுக்கு இடம் தரத் தீர்மானித்தவர்களும் இவர்களே. எதிர்ப்பு வலுத்ததும் மறு ஆண்டு அதைக் கைவிட்டு, அந்த இரண்டு இடங்களையும் வேறு பெயரில் பெரிய லீகுகளுக்கே தாரைவார்த்தார்கள்.

சொந்த நாட்டில் பட்டம் வென்றவனை வெளியே நிறுத்துகிற தொடருக்குச் சாம்பியன்ஸ் லீக் என்ற பெயர் பொருந்தாது. அந்த இரண்டு இடங்களும் திரும்பப் பெறப்பட வேண்டும். சாம்பியன்களுக்கு உரிய மரியாதை தரும் ஏற்பாட்டைத் தாமதமின்றிச் செய்ய வேண்டியது அந்த நிர்வாகிகளின் கடமை.