பின்னத் தெரிந்த விரல்கள்

வீட்டில் பழைய பிரம்பு நாற்காலி இருந்தால் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். இருக்கைச் சட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்னத் துளைகள் வரிசையாகத் தெரிந்தால் அது கையால் பின்னியது. துளையே இல்லாமல், மேல்பக்கத்தில் ஒரு காடி மட்டும் சுற்றி ஓடினால், மெஷினில் நெய்து வந்த பிரம்புத் தாளை அந்தக் காடிக்குள் அழுத்தி ஒட்டியிருக்கிறார்கள். எட்ட நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கையால் பின்னியதில் பசை கிடையாது, ஆணி கிடையாது. பிய்ந்துபோனால் பழைய பட்டையை அறுத்தெடுத்துவிட்டு அதே துளைகளில் புதிதாகப் பின்னலாம். மரத்துக்கு ஒரு கீறல்கூட விழாது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்சியில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போய்வருகிறேன்.

அவர் அரசு அலுவலகம் ஒன்றில் நாற்காலி பின்னுபவராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறவியிலேயே பார்வை இல்லை. இளையவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்கலாம்: நாற்காலி பின்னுவதற்கென்றே அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் ஒரு பணியிடம் இருந்தது. அலுவலகம் முழுக்கத் தேக்கு நாற்காலியும் பிரம்பு இருக்கையுமாக இருந்த காலம் அது. ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு பிரிவில் இருக்கை தொய்ந்துகொண்டே இருக்கும். பார்வையற்றோர் பள்ளிகளில் இந்தக் கைத்தொழிலைச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே படித்தவர்கள் பலர் அந்த வேலையில் சேர்ந்து குடும்பத்தைக் காப்பாற்றினார்கள்.

பாடம் தண்ணீரில் தொடங்குகிறது. பட்டை என்பது பிரம்பின் மேல்தோல். பிரம்பு மூங்கிலைப்போல உள்ளே குழலாக இருப்பதில்லை, முழுக்கக் கெட்டி. பனைக் குடும்பத்தைச் சேர்ந்த முள்கொடி அது. காட்டு மரங்களைப் பற்றிக்கொண்டு ஏறும். சில வகைகள் நூறு மீட்டரையும் தாண்டி நீளும். முள்ளுறையைக் களைந்து, மினுமினுப்பான மேல்தோலைச் சீராகக் கிழித்தெடுத்தால் பட்டை. காய்ந்த பட்டையை மடித்தால் ஒடிந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் கிடந்தால் சொன்ன பக்கம் வளையும். ரொம்ப நேரம் ஊறவிட்டால் நிறம் கறுக்கும், பளபளப்பு போய்விடும். அதனால் பின்னப் பின்ன இரண்டு மூன்று பட்டையாகத்தான் தொட்டியில் போட வேண்டும்.

அடுத்தது பட்டையின் போக்கு. பிரம்பில் கணுக்கள் உண்டு. பட்டையை விரலிடையில் வைத்து ஒரு திசையில் உருவினால் வழுக்கிக்கொண்டு போகும், எதிர்த்திசையில் கணுவுக்குக் கணு தட்டும். வழுக்கும் திசையிலேயே துளைக்குள் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு கணுவும் பின்னலில் மாட்டி நார் நாராகப் பிரியும். என் கண்ணுக்குப் பட்டையின் இரண்டு முனையும் ஒன்றுதான். பெரியவர் எடுத்த எடுப்பிலேயே கட்டைவிரலால் ஒரு முறை உருவி, முனையை என் கையில் சரியாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தப் பழக்கம் இப்போதுதான் எனக்கும் வந்துகொண்டிருக்கிறது.

பட்டையின் அகலத்தைத் துளைகள்தான் முடிவு செய்கின்றன. துளைக்குத் துளை அரை அங்குலம் இருந்தால் ஏறக்குறைய இரண்டேகால் மில்லிமீட்டர் பட்டை. முக்கால் அங்குலமானால் மூன்று மில்லிமீட்டர். அகலம் கூடினால் கடைசி ஓட்டங்களுக்குள் துளை அடைத்துக்கொள்ளும், குறைந்தால் பின்னல் சல்லடையாகித் தொய்யும்.

பின்னல் ஆறு ஓட்டம். முதல் ஓட்டம் பின்சட்டத்தின் நடுத்துளையில் தொடங்கி முன்சட்டத்துக்கு வரும். அங்கே துளையில் இறங்கி, அடுத்த துளையில் ஏறி, மறுபடி பின்னுக்குப் போகும். பட்டை நழுவாதபடி துளையில் ஒரு மரக்குச்சியைச் செருகிவைக்க வேண்டும். இரண்டாவது ஓட்டம் இடமிருந்து வலம், முதல் ஓட்டத்தின் மேலேயே கிடக்கும், கோத்துவாங்கல் கிடையாது. மூன்றாவது மறுபடி முன்னும் பின்னுமாக, முதல் ஓட்டம் போன அதே துளைகளில், அதற்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல. இது வரைக்கும் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கிறது. பின்னலே இன்னும் தொடங்கவில்லை. பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில்தான் எழுந்து போய்விடுகிறார்கள் என்று பெரியவர் சொன்னார்.

நான்காவது ஓட்டத்தில்தான் வேலை உயிர்பெறுகிறது. மறுபடி இடமிருந்து வலம். இந்த முறை முதல் ஓட்டத்துப் பட்டைக்கு அடியிலும் மூன்றாம் ஓட்டத்துப் பட்டைக்கு மேலும் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிப் போக வேண்டும். ஒரு வரிசை முடிந்ததும் குச்சியால் தள்ளிச் சேர்த்தால், அதுவரை தனித்தனியாகக் கிடந்த பட்டைகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து சின்னச் சதுரங்களாகின்றன. ஐந்தாவது ஓட்டம் மூலைவாட்டில், கிடைப்பட்டை இரட்டைகளுக்கு மேலும் நெடும்பட்டை இரட்டைகளுக்கு அடியிலும். ஆறாவது அதற்கு எதிர்மூலையிலிருந்து, மேல் கீழை மாற்றிக்கொண்டு. அப்போது சதுரங்களின் நான்கு முனையும் மழுங்கி, எண்கோணக் கண்கள் திறக்கின்றன. நாம் காலமெல்லாம் பார்த்துப் பழகிய அந்தப் பின்னல் இந்த ஆறாவது ஓட்டத்தில்தான் முகம் காட்டுகிறது.

மூலைவாட்டு ஓட்டத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. சரியான வழியில் போன பட்டை, இரட்டைகள் சந்திக்கும் முடுக்குக்குள் தானாக நழுவி உட்கார்ந்துவிடும். மேல் கீழ் மாறிப்போனால் முடுக்குக்குள் இறங்காது, குறுக்கே உரசிக்கொண்டே நிற்கும். அப்படியே விட்டால் ஆட்கள் உட்கார்ந்து எழுந்திருக்க எழுந்திருக்க, ஒன்றையொன்று அறுத்து நாளடைவில் அங்கேதான் முதலில் அறும். என்னோடு கற்றுக்கொள்ளும் கல்லூரிப் பையன் ஒருவன் ஐந்தாவது ஓட்டத்தில் இருந்தான். பெரியவர் அறையின் மறுகோடியில் பட்டை உருவிக்கொண்டிருந்தார். அங்கிருந்தபடியே, “தம்பி, உரசுற சத்தம் வருது பாருங்க. அடியில போக வேண்டியது மேல போயிருக்கு. ரெண்டு கட்டம் பின்னால வாங்க” என்றார். பையன் எண்ணிப் பார்த்தான். சரியாக இரண்டு கட்டம்.

ஆறு ஓட்டமும் முடிந்தபின் அகலமான பட்டை ஒன்றைத் துளைகளின் மேல் விளிம்பாகச் சுற்றி, மெல்லிய பட்டையால் துளைவழியே கட்டிக்கொண்டு போவார்கள். அடிப்பக்கம் தொங்கும் முனைகளைப் பக்கத்துப் பட்டையின் வளைவில் முடிச்சிட்டு நறுக்க வேண்டும். பிறகு நிழலில் உலர்த்தல். ஈரம் போகப் போகப் பட்டை சுருங்கி, பின்னல் மத்தளத் தோல்போல இறுகும். அதனால்தான் ஈரமாக இருக்கும்போதே முறுக்காக இழுத்துப் பின்னக்கூடாது. காய்ந்து சுருங்க இடம் விட வேண்டும். கைதேர்ந்தவருக்கே ஒரு இருக்கைக்கு முழுநாள் வேலையாவது பிடிக்கும்.

இந்தப் பின்னலுக்கும் நம் கரைக்கும் பழைய உறவு உண்டு. குறுந்தொகையில் ஔவையார் பாடல் ஒன்றில், பிரம்பின் பழுத்த கனியைக் குளத்துக் கெண்டை கவ்வுகிறது. நீரோரத்துப் பிரம்பு நமக்கு அவ்வளவு பழகிய செடி. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் கருங்காலி மரத்தில் முறுக்குக் கடைசலும் நுண்ணிய செதுக்குமாக நாற்காலிகள் செய்தார்கள். அவற்றுக்குப் பிரம்பு இருக்கை. ஐரோப்பிய வணிகர்கள் வழியாக அவை கடல் கடந்தன. 18ஆம் நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் அத்தகைய கருங்காலி நாற்காலிகளைத் தேடித்தேடிச் சேர்த்துத் தன் ஸ்ட்ராபெர்ரி ஹில் மாளிகையில் வைத்தார். அவை இங்கிலாந்தில் டியூடர் மன்னர்கள் காலத்தில் செய்யப்பட்டவை என்றே நம்பினார். நம் பக்கத்துத் தச்சர்களின் கைவேலை என்பது பின்னால்தான் தெளிவானது.

இங்கிலாந்திலேயே பிரம்பு இருக்கை பரவியது 1660களுக்குப் பிறகு. மெத்தை வைத்துக் கம்பளித்துணி போர்த்திய நாற்காலிகளைவிட இது இலேசு, விலை குறைவு, தூசியும் அந்துப்பூச்சியும் அண்டாது. கம்பளி வியாபாரிகள் தங்கள் பிழைப்பு போகிறதென்று பிரம்பு நாற்காலிக்கு எதிராக நாடாளுமன்றத்தில் முறையிடும் அளவுக்கு அது பரவியது. 1859இல் வியன்னாவில் மைக்கேல் தோனெட்டின் நிறுவனம் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி அடுத்த கட்டம். நீராவியில் வளைத்த ஆறு மரத்துண்டுகள், சில திருகாணிகள், பிரம்பு பின்னிய இருக்கை. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். உலகெங்கும் உள்ள காபிக் கடைகளுக்கு அது போய்ச் சேர்ந்தது.

அங்கே கம்பளியை வென்ற பிரம்பு, இங்கே ரெக்சினிடம் தோற்றது. இதை என்னால் இலகுவாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. சித்திரை வெயிலில் ரெக்சின் தைத்த ஸ்பாஞ்சு நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவருக்கு முதுகும் தொடையும் எப்படி இருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. பிரம்புப் பின்னலின் ஒவ்வொரு கண்ணிலும் காற்று வந்துபோகிறது. நம் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான இருக்கை இல்லை. ஸ்பாஞ்சு அமுங்கிப் பொடியாக உதிர்ந்தால் குப்பைமேட்டுக்குத்தான் போகும். பிளாஸ்டிக் ஒயர் பின்னிய நாற்காலிகள் நடுவில் வந்தன. அவை உழைத்தன, மறுக்கவில்லை. ஆனால் ஒயர் வெயிலில் விறைத்து நொறுங்கும், ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் தக்கபடி தன்னை இறுக்கிக்கொள்ளத் தெரியாது.

பிரம்புக்குத் தெரியும். இருக்கை தொய்ந்துபோனால் உடனே மாற்ற வேண்டியதில்லை. நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை வெந்நீரில் நனைத்த துணியால் நன்றாக ஒற்றி, காற்றாட வைத்தால் பின்னல் மறுபடி இறுகும். மேல்பக்கத்து மினுக்குத் தண்ணீரை உள்ளே விடாது, அதனால் அடியில்தான் நனைக்க வேண்டும். வார்னிஷ் அடிக்கவே கூடாது. பட்டை ஈரம் வாங்க முடியாமல் மொறுமொறுத்து உடையும். பரணில் எட்டுவதற்காக நாற்காலியில் ஏறுபவர்கள் சட்டத்தில் காலை ஊன்றட்டும். பின்னலில் முழங்காலையோ குதிகாலையோ ஊன்றினால் பாரம் முழுவதும் ஓரிடத்தில் இறங்கிப் பட்டை அறுந்துவிடும். உட்காருபவரின் பாரத்தைப் பரப்பித் தாங்கத்தான் அது பின்னப்பட்டிருக்கிறது.

பட்டை கிடைப்பதுதான் இப்போது பெரும்பாடு. பின்னலுக்கு ஏற்ற நல்ல பிரம்பு பெரும்பாலும் தென்கிழக்காசியக் காடுகளில் விளைகிறது. அதில் முதலிடம் இந்தோனேசியாவுக்கு. தங்கள் நாட்டுத் தொழிலாளிக்கே வேலை கிடைக்க வேண்டும் என்று 2012 முதல் அந்த நாடு பிரம்பை மூலப்பொருளாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. அவர்கள் பக்கத்து நியாயம் எனக்குப் புரிகிறது. சிதம்பரத்திலிருந்து சீர்காழி போகும் வழியில் கொள்ளிடத்தைத் தாண்டினால் தைக்கால் வரும். சாலையோரம் பிரம்பு ஊஞ்சலும் சோபாவும் தொட்டிலும் தொங்கும் கடைகள். அவர்கள் முழுப்பிரம்பை வளைத்துச் சாமான் செய்பவர்கள். துளைவழி இருக்கைப் பின்னல் வேறு வேலை என்றாலும், பிரம்பைக் கையாளத் தெரிந்த கைகள் ஓர் ஊராகச் சேர்ந்து நிற்கும் இடம் அது.

பெரியவர் ஓய்வு பெற்றபின் அவருடைய இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை. இருந்த நாற்காலிகளைக் கழித்துக்கட்டி, ஸ்பாஞ்சு நாற்காலி வாங்கினார்கள். “மரம் நல்லா இருந்துச்சும்மா. நானே தடவிப் பார்த்தேன், ஒரு மூட்டுகூட ஆடலை. பட்டை மட்டும்தான் போயிருந்துச்சு” என்றார். ஏலத்தில் அவை விறகு விலைக்குப் போனதாக அவருக்குச் சொன்னார்கள்.

இப்படிப்பட்ட நாற்காலிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. பழைய நீதிமன்றக் கட்டடங்கள், தாலுகா அலுவலகங்கள், நூலகங்கள், அரசுப் பள்ளிகளின் தலைமையாசிரியர் அறைகள் என்று எங்கே போனாலும் பின்கட்டில் நாலைந்து கிடக்கின்றன, இருக்கை பிய்ந்து, மேலே அட்டைப்பெட்டி ஏற்றப்பட்டு. கழிவுப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் அந்தந்த மாவட்டத்துப் பார்வையற்றோர் பள்ளிக்கோ தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ அவற்றை அனுப்பலாம். பின்னிக் கொடுப்பவருக்குக் கூலி உண்டு என்று ஓர் ஆணை போட்டால் போதும். இதற்குத் தேவையானவை காற்றோட்டமான ஓர் அறை, தண்ணீர்த் தொட்டி, குத்தூசி, கைப்பிடி மரக்குச்சிகள், சில கட்டுப் பட்டை. மின்சாரம்கூட வேண்டாம். சொல்லிக்கொடுக்க, ஓய்வு பெற்ற நாற்காலி பின்னுபவர்கள் திருச்சியில் மட்டுமல்ல, மற்ற ஊர்களிலும் இருக்கிறார்கள். பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. அழைத்தால் வருவாரா என்று கேட்டேன். பஸ் ஏற்றிவிட ஆள் இருந்தால் எந்த ஊருக்கும் வரத் தயார் என்றார்.