எந்தச் சிவப்பு?

மாதிரி ரயில் செய்யும் அன்பர்களுக்கு ஒரு பிடிவாதம்: பெட்டியின் வர்ணம் டப்பாவில் போட்ட எண்ணுக்கு இம்மியும் பிசகக் கூடாது! 1955-இல் தொடங்கிய பெரம்பூர் தொழிற்சாலையின் பெட்டிகள் செங்காவி நிறம், 1990-களில் நீலமாயின. வாஸ்தவந்தான். ஆனால் 1980-களில், ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் மீன்கூடைகளுக்கு நடுவே நின்று சிறுவனாக நான் பார்த்த செங்காவி வேறு. வெயிலும் பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக் காற்றும் அதை வெளுக்க வைத்திருந்தன. அசல் வர்ணத்தையே அடித்தால், வீட்டு விளக்கில் சின்னப் பெட்டி கறுத்துத் தெரிகிறது. ஆகவே துளி வெள்ளை கலந்து ஸ்ப்ரே அடித்தேன். 'மோசடி' என்கிறார்கள்! ஐயா, உங்கள் டப்பா தொழிற்சாலை வாசலைத் தாண்டவில்லை. ரயில் தாண்டிற்றே! எங்கள் ஊருக்கு வந்த ரயில் எனக்குப் போதும்.