வரப்பின்மேல் தேநீர்

நடவு நாட்களில் வரப்பின்மேல் கூழ்க்கலயம் இருந்த இடத்தில் தேநீர்ப் பாத்திரம் இருப்பதைப் பல கிராமங்களில் கண்டுவருகிறேன். விடியற்காலையில் ஒரு குவளை, பத்து மணிக்கு ஒரு குவளை, ஆகாரம் பிற்பகலில்தான். தேநீர் கொடுத்தாயிற்று, இனிக் களைப்பிராது என்று நிலமுடையோர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறென்பது என் அபிப்பிராயம்.

தேயிலை ஆகாரமன்று. பாலும் சர்க்கரையும் சேராத தேநீரில் உழைப்புக்கு வேண்டிய சத்து ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதிலுள்ள காபீன் சோர்வை மறக்கச் செய்கிறது, அவ்வளவே. தீனி வையாமல் தார்க்குச்சியை மட்டும் கொண்டு ஏரோட்டுவது போன்றது இது. சர்க்கரையோவெனில், தடவைக்கு இரண்டு தேக்கரண்டியாக ஐந்து தடவை பருகுவோர் நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் உட்கொள்கின்றனர். வெல்லம் இட்டால் குற்றமில்லை என்பாருமுளர். வெல்லமும் பெரும்பாலும் சர்க்கரையே.

இதனினும் கவலைக்குரியது வேறொன்றுண்டு. கேழ்வரகு, பயறு, கீரை முதலியவற்றிலுள்ள இரும்புச் சத்தைத் தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் பற்றிக்கொண்டு, உடல் ஏற்கவொட்டாமல் தடுக்கின்றன. உணவோடு பருகும் ஒரு குவளை, சேரவேண்டிய இரும்பில் பாதிக்கு மேலும் குறைத்துவிடக்கூடும். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை உண்டு. நாற்று நடுவோர் பெரும்பாலும் பெண்களே. இந்நோய்க்குத் தேநீரே காரணமென்று நான் கூறவில்லை. உள்ள சிறிதளவு இரும்பையும் அது கவரலாகாது என்கிறேன்.

தேநீரை அறவே விலக்கவேண்டுவதில்லை. கொதித்த நீராதலின், வாய்க்கால் நீரினும் அது எவ்வளவோ மேலானது. ஆனால் உணவுக்கு முன்னும் பின்னும் ஒருமணி நேரமாவது இடைவெளி வேண்டுமென ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் அறிவுறுத்தியுள்ளது. சோறுண்டு கைகழுவியவுடன் தேநீர் தேடியவனே நானும். இடைவெளியிட்டுப் பழகச் சில வாரங்களாயின.

கொதிக்கும் நீரை அடுப்பினின்று இறக்கித் தேயிலையிட்டு, மூன்று நான்கு நிமிஷம் மூடிவைத்து வடித்தால் போதும். காலையில் காய்ச்சியதை இலையோடு நண்பகல்வரை சுடவைத்துக்கொண்டேயிருந்தால் துவர்ப்புத்தான் மிகும். பாலின்றி எலுமிச்சஞ்சாறு பிழிந்தும் பருகலாம். சிறு குழந்தைகளுக்குத் தேநீர் வேண்டா.

ஆகவே, வரும் நடவில் முதலில் கூழோ கஞ்சியோ கொடுத்து, ஒருமணி நேரம் சென்றபின் தேநீர் கொடுப்பீர்களாக. செலவு சிறிது கூடும்; அதனை நான் மறைக்கவில்லை. கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: கர்ப்பிணிகளுக்குச் செவிலியர் தரும் இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீருடன் விழுங்கும் வழக்கம் சில வீடுகளில் உள்ளது. தண்ணீருடன் விழுங்குமாறு தங்கள் ஊரில் சொல்லி வைத்தல் வேண்டும்.