நாலு ஓட்டையும் நாப்பது கிலோமீட்டரும்

"லேப்ராஸ்கோப்பி எல்லாம் காசிருக்கறவங்களுக்குங்க. நமக்குக் கிழிச்சுத் தைச்சாப் போதும்." எடப்பாடிப் பக்கம் இப்படிப் பேசறவங்க நிறைய. நான் இதை அப்படியே திருப்பிச் சொல்லுவேன். நுண்துளை அறுவை சிகிச்சை முதல்ல தேவைப்படறது தறி ஓட்டறவருக்குத்தான்.

பித்தப்பைக் கல்லையே எடுத்துக்குங்க. பழைய முறைன்னா விலா எலும்புக்குக் கீழே தசையை வெட்டித் திறக்கணும். நுண்துளைன்னா மூணு நாலு ஓட்டை, பெருசே ஒரு சென்டிமீட்டர்தான். கார்பன் டை ஆக்சைடு ஏத்தி வயித்தை உப்ப வெச்சு, ஒண்ணுல கேமரா, மத்ததுல கருவிகள். எடுக்கறது என்னவோ அதே பித்தப்பைதான். ஆனா பெரும்பாலும் ஓரிரு நாள்ல வீடு, ஓரிரு வாரத்துல சாதாரண வேலை. கிழிச்சுத் தைச்சா, பாரம் தூக்க ஒன்றரை மாசமாவது ஆகும். ஏசி ரூம்ல கீபோர்டு தட்டற என்னை மாதிரி ஆளுக்கு மெடிக்கல் லீவு உண்டு. பாவு பீம் தூக்கறவருக்கு? தறி ஓடினாத்தானே கூலி!

இது பணக்கார வைத்தியமா நம்ம நாட்டுக்கு வரவும் இல்லை. 1985-ல ஜெர்மனியில எரிக் மூஹெ இப்படிப் பித்தப்பையை எடுத்தப்ப சக டாக்டர்களே ஏத்துக்கலை. இந்தியாவுல 1990-ல முதல்ல செஞ்சவர் டெம்டன் உட்வாடியா. எங்கேங்கறீங்க? மும்பை ஜே.ஜே. அரசு ஆஸ்பத்திரியில! கோவை டாக்டர் பழனிவேலு உணவுக்குழாய் புற்றுநோய்க்கே துளை வழியா ஆபரேஷன் செஞ்சு, 130 பேரோட அனுபவத்தை 2006-ல வெளியிட்டாரு. நம்ம பக்கம் திறமைக்குப் பஞ்சமே இல்லை.

அப்புறம் என்ன தடை? காசுன்னா, முதல்வர் காப்பீட்டுத் திட்டத்துல லேப்ராஸ்கோப்பியும் இருக்கு. தடை தூரம்தான். சேலம் பெரியாஸ்பத்திரிக்கு சுமார் 40 கிலோமீட்டர். ஸ்கேனுக்கு ஒரு நாள், அட்மிஷனுக்கு ஒரு நாள், கூட ஒரு ஆள். ஒவ்வொரு நாளும் ரெண்டு பேர் கூலி போச்சு. வலியைப் பொறுத்துக்கிட்டுத் தறியிலயே நிக்கறாங்கன்னா காரணம் இதுதான்.

தாலுகா அளவுல இது முடியாதாங்க? முடியும். டாக்டர் ஞானராஜ் மாதிரி கிராமத்து சர்ஜன்கள் வாயுவே இல்லாம, வயித்துச் சுவரைக் கருவியால தூக்கிப் பிடிச்சு, முதுகுல ஊசி போட்டு மரத்துப்போக வெச்சே நுண்துளை ஆபரேஷன் செஞ்சு காட்டியிருக்காங்க. தாலுகா ஆஸ்பத்திரிக்கு பயிற்சி எடுத்த சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் வாரம் ஒரு நாள் வந்தாக்கூட பாதி அலைச்சல் மிச்சம்.

ஒண்ணு சொல்லிடறேன். வலியே தராத கல்லுக்குப் பெரும்பாலும் ஆபரேஷனே வேண்டாம். துளை போட்டு ஆரம்பிச்சு, சிக்கல்னு வயித்தைத் திறந்தா அது தோல்வியும் இல்லை, உயிருக்குப் பாதுகாப்பு. அதையெல்லாம் டாக்டர் முடிவு பண்ணட்டும். பஸ் தூரமும் ஒரு நாள் கூலியும் முடிவு பண்ணக் கூடாது. என்ன சொல்றீங்க?